ஆய்வகத்தில் வளர்த்த சிறுநீர்ப்பைக்காகக் காத்திருக்கலாமா?

கவின் அம்மா (ஞாயிறு, இரவு 11.10)

வணக்கம். இங்கே வந்து படித்துவிட்டுப் போகிறவள்தான் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் மகனுக்கு 9 வயது. முதுகுத்தண்டு பிளவோடு பிறந்தவன், மூன்றாம் நாளே முதுகில் ஆபரேஷன் நடந்தது. காலிப்பர் போட்டு நடக்கிறான், நன்றாகப் படிக்கிறான். சிறுநீர் மட்டும் தானாகப் போகாது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை டியூப் போட்டு எடுக்க வேண்டும். முன்பெல்லாம் மதிய இடைவேளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஓடுவேன். இப்போது அவனே போடப் பழகிவிட்டான்.

போன மாதம் யூரோடைனமிக்ஸ் டெஸ்ட் எடுத்தார்கள். இந்த வயதில் 300 மில்லி பிடிக்க வேண்டிய பை 110 மில்லியிலேயே கல்லாக இறுகிவிடுகிறதாம். உள்ளே அழுத்தம் 40-ஐத் தாண்டுகிறது. மாத்திரை கொடுத்தாயிற்று, பைக்குள் போடாக்ஸ் ஊசியும் இரண்டு தடவை போட்டாயிற்று. இப்போது இடது சிறுநீரகம் வீங்க ஆரம்பித்திருக்கிறது. குடலில் ஒரு துண்டை எடுத்துப் பையோடு தைத்துப் பெரிதாக்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

வீட்டுக்காரர் ஒரு வீடியோ பார்த்தார். அமெரிக்காவில் குழந்தைகளின் சொந்த செல்லிலிருந்தே பையை வளர்த்து வைத்துவிட்டார்களாம், அதுவும் 2006-க்கு முன்பே. நல்ல குடலை எதற்கு வெட்ட வேண்டும், இரண்டு வருஷம் பொறுத்தால் இங்கேயும் வந்துவிடாதா என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தஞ்சை சரவணன் (ஞாயிறு, இரவு 11.45)

அக்கா, அந்த வீடியோ பொய்யில்லை. அந்தோணி அட்டாலா என்ற டாக்டர் செய்தது. லான்செட் இதழில் வந்த ஆய்வு. 7 பிள்ளைகள், எல்லாருக்கும் உங்கள் மகனுக்கு இருக்கும் அதே முதுகுத்தண்டுப் பிரச்சினை. அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது, இன்று அச்சு இயந்திரத்தில் செல்லை வைத்தே உறுப்பு அச்சடிக்கப் பார்க்கிறார்கள். குடலை ஒரு தடவை வெட்டினால் வெட்டியதுதான். நானாக இருந்தால் காத்திருப்பேன். வெளிநாட்டில் எங்கே செய்கிறார்கள் என்று விசாரிப்பேன்.

வேளச்சேரி வாசு (திங்கள், காலை 6.20)

கவின் அம்மா, நான் டாக்டர் இல்லை. பத்து வருஷமாக செல் வளர்ப்பு ஆய்வகத்தில் வேலை செய்கிறவன். செல்லை வளர்த்துத் திசு உண்டாக்கும் திசுப்பொறியியல்தான் என் சோறு. அதனாலேயே இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

சரவணன் சொன்னது உண்மை, ஆனால் பாதிக் கதை. முதலில் அந்த 7 பேருக்கு என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். சிறுநீர்ப்பையிலிருந்து தபால்தலையைவிடச் சின்னதாக ஒரு துணுக்கு எடுத்தார்கள். அதில் உள்சவ்வு செல்லைத் தனியாகவும் தசை செல்லைத் தனியாகவும் பிரித்து வளர்த்தார்கள். கரைந்து போகக்கூடிய பொருளில் பை வடிவத்தில் ஒரு சாரம் (செல் பிடித்து வளர ஒரு கூடு) செய்து, உள்பக்கம் சவ்வு செல்லையும் வெளிப்பக்கம் தசை செல்லையும் விதைத்தார்கள். துணுக்கு எடுத்ததிலிருந்து தைத்து வைப்பது வரை ஏழு வாரம். வயிற்றுக்குள் ஓமெண்டம் என்று கொழுப்புத் திரை ஒன்று உண்டு, ரத்தக்குழாய் நிறைந்தது. சிலருக்கு அதைப் புதுப்பையின் மேல் போர்த்திவிட்டார்கள். அவர்களுக்குத்தான் பலன் நன்றாக இருந்தது.

வீடியோவில் முழுப் பையையும் மாற்றியதாகச் சொல்வார்கள். அப்படி இல்லை. இருந்த பையோடு சேர்த்துத் தைத்துப் பெரிதாக்கியதுதான். நரம்பு பழையபடியேதான் இருக்கும், அதனால் புதுப்பை தானாகச் சுருங்கிக் காலி செய்யாது. டியூப் போடும் வேலை அப்படியேதான்.

அடுத்து நடந்ததை வீடியோ எடுப்பவர்கள் சொல்வதில்லை. அதே முறையை டெஞ்சியான் என்ற அமெரிக்க நிறுவனம் எடுத்துக்கொண்டு, முதுகுத்தண்டுப் பிளவுள்ள 10 பிள்ளைகளிடம் முறையான சோதனை செய்தது. முடிவு 2014-ல் வெளிவந்தது. பையின் கொள்ளளவும் சரி, நெகிழ்ச்சியும் சரி, சொல்லிக்கொள்ளும்படி கூடவில்லை. குடல் அடைப்பு, பை கிழிதல் என்று கடுமையான சிக்கல்கள் ஏற்க முடியாத அளவுக்கு வந்தன. அந்த வருஷக் கடைசியில் நிறுவனமே திவால் ஆனது.

ஏன் அப்படி ஆனது? எங்கள் ஆய்வகத்தில் செல்லை ஊற வைத்திருக்கும் திரவம் இளஞ்சிவப்பாக இருக்கும். செல் பெருகிச் சத்தைத் தின்றுவிட்டால் மஞ்சளாகும். உடனே மாற்றியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி என்று பார்க்க முடியாது, போய் மாற்றிவிட்டு வருவேன். ஒருநாள் தவறினால் ஒரு மாத உழைப்பு போச்சு. உடம்புக்குள் அந்த வேலையை ரத்தக்குழாய் செய்கிறது. ரத்தக்குழாயிலிருந்து 0.2 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் செல்லுக்கு ஆக்சிஜன் எட்டாது. பையின் சுவர் அதைவிட எத்தனையோ மடங்கு தடிமன். புது ரத்தக்குழாய் முளைத்து உள்ளே வரப் பல நாள் ஆகும், அதற்குள் நடுவில் இருக்கும் செல் பட்டினியில் செத்துவிடும். செத்த இடத்தில் தழும்பு வரும், தழும்பு சுருங்கும். பெரிதாக்க வைத்த பை சின்னதாகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நோயுள்ள பையிலிருந்து எடுத்த தசை செல், ஆய்வகத்தில் வளர்த்தாலும் நோயை மறப்பதில்லை. நல்ல பையின் செல் அளவுக்கு அது சுருங்குவதில்லை. விதையிலேயே கோளாறு இருந்தால் நாற்று எப்படி நன்றாக வரும்?

சோதனைக்கு வெளியே, ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டால் செய்துவிடும் வழக்கமான சிகிச்சையாக இது இன்னும் வரவில்லை. இரண்டு வருஷத்தில் கவினுக்குக் கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. என் வேலையை நேசிக்கிறவன் நான், சொல்ல மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

நர்ஸ் ஸ்டெல்லா (திங்கள், மதியம் 2.15)

கவின் அம்மா, குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டில் 16 வருஷம் இருந்தவள் நான். 40 என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த எண் எனக்குப் பயம் தருகிறது. பைக்குள் அழுத்தம் 40 சென்டிமீட்டர் நீர் அளவைத் தாண்டியே இருந்தால் சிறுநீர் கீழே இறங்க முடியாமல் மேலே சிறுநீரகத்தை முட்டும். அந்த இடது பக்க வீக்கம் அதுதான்.

எங்கள் வார்டுக்கு ஒரு பையன் வந்தான், 11 வயது. ஆபரேஷன் சொல்லி இரண்டு வருஷம் கழித்து வந்தார்கள். இடையில் யாரோ ஒருவர் பொடி கொடுத்தார், இன்னொருவர் ஊசி போட்டால் நரம்பு வளரும் என்றார். வந்தபோது ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 4-க்கு மேல். அவன் அம்மா கையில் பழைய ஸ்கேன்களை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். சிறுநீரகம் மாதாமாதம் மெலிந்துகொண்டு வருவது அப்படியே தெரிந்தது. பிறகு அவன் டயாலிசிஸுக்குப் போனான்.

பையைப் பிற்பாடுகூடச் சரி செய்யலாம், போன சிறுநீரகம் திரும்பி வராது அம்மா. ஒருவேளை வாசு தம்பியின் விஞ்ஞானம் பத்து வருஷத்தில் ஜெயித்தாலும், அதை வாங்கிக்கொள்ள உங்கள் மகனுக்கு நல்ல சிறுநீரகம் இருக்க வேண்டும்.

தஞ்சை சரவணன் (திங்கள், மாலை 5.30)

ஸ்டெல்லா அக்கா எழுதியதைப் படித்ததும் நேற்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன் என்று தோன்றுகிறது. சிறுநீரக வீக்கத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை, மன்னிக்கவும்.

ஆனாலும் ஒரு சந்தேகம். 2025 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒருவருக்கு இறந்தவரின் சிறுநீர்ப்பையையே எடுத்துப் பொருத்தினார்கள் என்று செய்தி வந்ததே. அது ஆகாதா?

வேளச்சேரி வாசு (திங்கள், மாலை 6.05)

உலகிலேயே முதல் தடவை அது. அவருக்கு சிறுநீரகமும் சேர்த்தே பொருத்தினார்கள். எப்படியும் ஆயுள் முழுக்க எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிட்டாக வேண்டியவர். சிறுநீரகம் ஓடிக்கொண்டிருக்கும் 9 வயதுப் பையனுக்குப் பைக்காக மட்டும் அந்த மாத்திரையைக் கொடுப்பது சரியாக வராது.

மல்லிகா மதுரை (திங்கள், இரவு 9.40)

எனக்கு இந்த ஆபரேஷன் நடந்தது 14 வயதில். இப்போது 27. வங்கியில் வேலை பார்க்கிறேன். அக்கா, உங்கள் மகன் இடத்தில் இருந்தவள் சொல்கிறேன், கேளுங்கள்.

சிறுகுடலில் சுமார் ஒரு சாண் துண்டு எடுத்தார்கள். அதைக் குழாயாக விடாமல் நீளவாக்கில் பிளந்து விரித்து, மடித்து, பையின் தலையில் மூடி போல தைத்தார்கள். அப்படியே என் குடல்வாலை எடுத்துப் பைக்கும் தொப்புளுக்கும் நடுவே வழி செய்தார்கள். மிட்ரோஃபனாஃப் என்று சொல்வார்கள். தொப்புளுக்குள் ஒரு சின்ன ஓட்டை, அதன் வழியாக டியூப் விட்டு எடுத்துக்கொள்வேன். புடவை கட்டினாலும் சுடிதார் போட்டாலும் யாருக்கும் தெரியாது. கவினுக்கும் இது தேவைப்படுமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். பையில் தைத்தாலும் குடல் குடல்தான், அது வழுவழுவென்று சளி சுரந்துகொண்டே இருக்கும். நுங்கு உரிக்கும்போது கையில் ஒட்டுமே, அந்தப் பதம். கழுவாமல் விட்டால் டியூப் அடைக்கும், பிறகு கல்லாகும். தினமும் ராத்திரி பெரிய சிரிஞ்சில் சலைன் ஏற்றி இறக்கிக் கழுவுவேன். கல்லூரி விடுதியில் சோம்பேறித்தனமாக இருந்துவிட்டேன், இரண்டாம் வருஷம் கல் எடுக்க ஆபரேஷன் ஆனது. குடல் சிறுநீரிலிருந்து அமிலத்தை உறிஞ்சிக்கொள்வதால் சோடா மாத்திரை சாப்பிடுகிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை பி12, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. பிற்காலத்தில் அந்தப் பையில் புற்றுநோய் வர சிறு வாய்ப்பு உண்டு என்றும் சொல்லியிருக்கிறார்கள், அதற்கும் சேர்த்துத்தான் விடாமல் காட்டுகிறேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதையும் சொல்லணும். ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒருநாள் விடியற்காலை விழித்தபோது பெட்ஷீட் நனையவில்லை. 14 வருஷத்தில் முதல் தடவை. அம்மாவைக் கூப்பிடாமல் பெட்ஷீட்டைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.

ஈரோடு பாலு (செவ்வாய், காலை 7.50)

பை இல்லை, குழாய்ப் பிரச்சினை எனக்கு. கொரோனா சமயம் ஐ.சி.யூ.வில் பல நாள் டியூப் போட்டுக் கிடந்ததில் சிறுநீர்க் குழாய் தழும்பாகிச் சுருங்கிவிட்டது. விரித்துவிட்டார்கள், உள்ளே வெட்டிவிட்டார்கள், மூன்று மாதத்தில் மறுபடி நூல் மாதிரி வரும். கடைசியில் கன்னத்தின் உள்பக்கத் தோலை உரித்து அங்கே வைத்துத் தைத்தார்கள். இரண்டு வருஷமாக நன்றாக இருக்கிறேன். வாய்தான் ஒரு மாதம் திறக்கவே முடியாமல் இறுகிக் கிடந்தது, ஆறின தயிர்சாதம் தவிர எதுவும் இறங்கவில்லை.

வாசு சகோ, வாய்த்தோலை அவ்வளவு நீளம் உரிக்காமல் துளி எடுத்து வளர்த்து வைக்க முடியாதா?

இன்னொன்று. நடுவில் ஒரு தனியார் இடத்தில் ஸ்டெம் செல் ஊசி என்று சொல்லி மூன்று லட்சம் வாங்கினார்கள். ஒரு பலனும் இல்லை. ரசீதில் "ஆலோசனைக் கட்டணம்" என்று போட்டிருந்தது.

வேளச்சேரி வாசு (செவ்வாய், இரவு 8.30)

பாலு அண்ணா, நல்ல கேள்வி. பையைவிடக் குழாயில்தான் இந்தத் துறை முன்னே போயிருக்கிறது. குழாயின் உள்சவ்வு மெல்லிசு. பக்கத்திலிருந்தே சத்து ஊறி வந்துவிடும், ரத்தக்குழாய் வரும்வரை தாக்குப்பிடிக்கும்.

2011-ல் அட்டாலா குழுவும் மெக்சிகோ டாக்டர்களும் 5 சிறுவர்களுக்கு அவர்கள் செல்லையே குழாய் வடிவச் சாரத்தில் வளர்த்து வைத்த முடிவை வெளியிட்டார்கள். ஆறு வருஷம் வரை பார்த்தார்கள், குழாய் நன்றாக வேலை செய்தது. ஜெர்மனியில் வாய்ச்சவ்வுத் துணுக்கை வளர்த்துத் தகடாக்கிக் குழாயில் வைக்கிறார்கள். நம்மூரிலும் முயற்சி நடந்திருக்கிறது. சென்னை ஆய்வகம் ஒன்றும் ஜப்பானியர்களும் சேர்ந்து, கன்னத்துச் செல்லை வளர்த்து ஜெல்லில் கலந்து, சுருங்கிய இடத்தை வெட்டிவிட்ட கையோடு உள்ளே செலுத்தினார்கள். குளிரில் நீராக ஓடும், உடம்புச் சூட்டில் உறையும் ஜெல் அது. சிலரிடம் மட்டும் செய்து பார்த்த ஆரம்ப ஆய்வு.

தோல்வியும் உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 5 பேருக்கு வளர்த்த வாய்ச்சவ்வை வைத்தார்கள், இரண்டு பேருக்கு அது தழும்பாகிப்போய் ஒருவருக்கு முழுவதும், ஒருவருக்குக் கொஞ்சமும் வெட்டி எடுக்க வேண்டி வந்தது. உங்கள் கன்னத்திலிருந்து நேரடியாக உரித்து வைத்த தோல் நன்றாகவே ஒட்டிக்கொள்ளும். அதைவிட நன்றாக இருந்தால்தானே வளர்த்த தோலுக்கு மரியாதை?

அந்த மூன்று லட்சத்தை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள்: ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர வேறு எதற்கும் ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற சோதனைக்கு வெளியே கொடுக்கக் கூடாது. சோதனை என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் எண் இருக்கும், நீங்களே தேடிப் பார்க்கலாம். உங்களிடம் காசும் கேட்க மாட்டார்கள். எண் சொல்லத் தயங்கினாலோ காசு கேட்டாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

ராணி காரைக்குடி (செவ்வாய், இரவு 10.15)

உணவுக்குழாய்க்கு இப்படி ஏதாவது இருக்கிறதா? என் தங்கை மகள் இரண்டரை வயதில் கழிவறை கழுவும் ஆசிட்டைக் குடித்துவிட்டாள். குழாய் சுருங்கிவிட்டது, மாதத்துக்கு ஒரு தடவை விரிக்கிறார்கள்.

வேளச்சேரி வாசு (புதன், காலை 6.40)

ராணி அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது.

இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த வேலை நடந்திருப்பது உணவுக்குழாயில்தான். டோக்கியோவில் ஒகானோ என்பவரின் குழு ஒரு தட்டு செய்தது. 37 டிகிரியில் செல் அதில் ஒட்டி வளரும். சூட்டைக் குறைத்தால் தட்டின் பரப்பு நீரை ஏற்றுக்கொண்டு செல்லை விட்டுவிடும். அப்போது செல் படலம் கிழியாமல் முழுசாக எழும்பி வரும். காய்ச்சிய பால் ஆறியதும் ஆடையைச் சுருக்கம் விழாமல் எடுப்பதைப் போல. நான் முதன்முதலில் அதைச் செய்தபோது கை நடுங்கியது.

ஆரம்பநிலைப் புற்றுநோய்க்காக உணவுக்குழாயின் உள்தோலை எண்டோஸ்கோப்பி வழியாக உரித்தவர்களுக்கு, அவர்கள் வாய்ச்சவ்வில் வளர்த்த இந்தப் படலத்தை அந்த ரணத்தின் மேல் ஒட்டினார்கள். அதன் முடிவு 2012-ல் வெளிவந்தது. 9 பேரில் ஒருவருக்கு மட்டுமே குழாய் சுருங்கியது. பிறகு டோக்கியோவில் வளர்த்து விமானத்தில் நாகசாகிக்கு அனுப்பியும் ஒட்டினார்கள்.

ஆனால் அந்த ரணம் மேல்தோலோடு நிற்பது, அடியில் தசை முழுசாக இருக்கும். ஆசிட் சுவர் முழுக்க அரித்துவிடுகிறது. அதனால் இது குழந்தைக்கு இப்போது பொருந்தாது. குழந்தை உணவுக்குழாய் சிகிச்சையில் அனுபவமுள்ள பெரிய மையம் ஒன்றில் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். விரித்து விரித்துப் பயன் இல்லையென்றால் வயிற்றையோ பெருங்குடலையோ மேலே இழுத்துப் புதுக்குழாய் செய்யும் ஆபரேஷன் இருக்கிறது.

யாராவது "முழு உணவுக்குழாயே ரெடி" என்று வீடியோ அனுப்பினால் மக்கியாரினியை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்வீடனில் பிளாஸ்டிக் மூச்சுக்குழாயில் ஸ்டெம் செல் தடவி மனிதர்களுக்கு வைத்தவர். உலகமே கொண்டாடியது. நோயாளிகள் இறந்துபோனார்கள், 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை வருஷம் சிறை விதித்தது. எலிகளுக்கு உணவுக்குழாய் வளர்த்ததாக அவர் குழு வெளியிட்ட கட்டுரையையும் இதழ் திரும்பப் பெற்றது.

தஞ்சை சரவணன் (புதன், மதியம் 1.00)

குடலுக்கு? என் நண்பனுக்குப் பெருங்குடல் புண்.

வேளச்சேரி வாசு (புதன், இரவு 9.10)

2009-ல் நெதர்லாந்தில் ஒற்றைக் குடல் ஸ்டெம் செல்லிலிருந்து குட்டிக் குடலையே கிண்ணத்தில் வளர்த்துக் காட்டினார்கள். 2022 ஜூலையில் டோக்கியோவில் பெருங்குடல் புண் உள்ள ஒருவருக்கு, அவருடைய குடலிலிருந்தே வளர்த்ததை எண்டோஸ்கோப்பி வழியாகப் புண்ணில் வைத்தார்கள். தொடக்கம்தான். நண்பரை மருந்தை நிறுத்த விடாதீர்கள்.

கவின் அம்மா (ஞாயிறு, இரவு 10.30)

எல்லாரும் எழுதியதை வீட்டுக்காரர் இரண்டு தடவை படித்தார். மல்லிகா எழுதிய அந்தப் பெட்ஷீட் வரியில் நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டிருந்தார்.

நேற்று இரண்டு பேருமாக டாக்டரிடம் போனோம். செல் வளர்த்த பை பற்றிக் கேட்டோம். கோபப்படவில்லை, வாசு சொன்னதையேதான் சொன்னார். தொப்புள் வழியும் சேர்த்தே செய்துவிடலாம் என்றார். ஆடி முடியட்டும் என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார், ஸ்கேனைக் காட்டி விளக்கியதும் அவரே "நாளைக் கடத்தாதீங்க" என்றுவிட்டார். வருகிற வியாழன் சேர்க்கிறோம்.

கவினிடம் எல்லாம் சொல்லிவிட்டோம். அவன் கேட்ட கேள்விக்கு எங்களுக்குப் பதில் தெரியவில்லை. "குடலைத் தனியா வெட்டிப் பையில தச்சா அதுக்குச் சாப்பாடு யார் குடுப்பா?" என்கிறான்.

நர்ஸ் ஸ்டெல்லா (ஞாயிறு, இரவு 10.50)

முக்கியமான ஒன்று. இந்தப் பிள்ளைகளுக்கு ரப்பர் ஒவ்வாமை அதிகம். பலூன் ஊதினால் உதடு தடித்திருக்கிறதா, கையுறை பட்டுத் தடிப்பு வந்திருக்கிறதா என்று யோசித்துச் சொல்லுங்கள். வார்டில் சேரும்போதே லேடெக்ஸ் இல்லாத கையுறையும் டியூபும் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபிறகு எப்போதாவது திடீரென்று வயிறு கடுமையாக வலித்தாலோ, வயிறு வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, "குடல் வைத்துத் தைத்த பை" என்று கேஷுவால்டியில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கிழிந்திருக்கலாம் என்று அப்போதுதான் நினைப்பார்கள்.

வேளச்சேரி வாசு (ஞாயிறு, இரவு 11.25)

கவினுக்கு என் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

தம்பி, குடலை வெட்டுவார்கள், ஆனால் அந்தத் துண்டுக்கு வரும் ரத்தக்குழாயை வெட்ட மாட்டார்கள். கூரையில் காய்த்த பூசணியைக் கொடியை அறுக்காமல் மெதுவாகத் தூக்கிப் பக்கத்தில் வைத்தால் அது வாடாது இல்லையா? அதே மாதிரி உன் குடல் துண்டு கொடியோடு இடம் மாறும். ஒரு நிமிஷம்கூடப் பட்டினி கிடக்காது. நாங்கள் ஆய்வகத்தில் வளர்க்கும் பைக்கு அந்தக் கொடிதான் இல்லை. அதை எப்படி உண்டாக்குவது என்றுதான் நானும் என்னைப் போன்றவர்களும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கவின் அம்மா (திங்கள், காலை 7.05)

படித்துக் காட்டினேன். "அந்தக் கொடி எவ்வளவு நீளம் இருக்கும்னு மாமாகிட்ட கேளு" என்றான். பல் தேய்த்துக்கொண்டே கேட்கிறான்.

மல்லிகா மதுரை (திங்கள், காலை 7.30)

அக்கா, பெரிய சிரிஞ்ச் இரண்டு எடுத்துப் போங்கள், ஒன்று எப்படியும் வார்டில் தொலையும். தளர்ந்த லுங்கியோ டிராயரோ போதும், இடுப்பில் எலாஸ்டிக் வேண்டாம். வியாழக்கிழமை என் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அவன் முழித்ததும் பேசச் சொல்லுங்கள்.